பால்மரத்து மேசையைத் தூக்கி எறியலாமா?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் குடியிருப்புகளில் குப்பைத் தொட்டியின் ஓரம் நாற்காலிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கால் ஆடுகிறது, பூச்சு உரிந்துவிட்டது, மேசை முழுக்க வெள்ளை வெள்ளையாக வளையங்கள். விருந்தாளிகள் வந்தால் என்ன நினைப்பார்கள்? உடனே கடையில் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்று புதிய சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் வீட்டில் வந்து இறங்குகின்றன. பழையவை வெளியே மழையில் நனைகின்றன. இந்தச் செலவு தேவைதானா? பெரும்பாலான வீடுகளில் தேவையில்லை என்பதே என் கருத்து.

மேசையைக் கவிழ்த்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். சாயம் படாத இடத்தில் வெளிர் மஞ்சள் நிறமும், சிறு சிறு துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து ஒட்டிய பலகையும் தெரிந்தால், அது பெரும்பாலும் ரப்பர் மரம்தான். நம் பெரியவர்கள் பால்மரம் என்று சொல்வது அதைத்தான். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்குப் போய், பிறகு நாடு முழுவதும் பரவிய அதே மரம். தோட்டங்களில் விடியுமுன் எழுந்து அதைச் சீவியவர்கள் யார் என்பதை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் சாய்த்துவிடுவார்கள். சாய்த்த மரம் வெகுகாலம் விறகாகத்தான் போனது. அதில் மாவுச்சத்து மிகுதி. அதனால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் அது மேசையாகவும் நாற்காலியாகவும் மாறி ஏற்றுமதியில் இடம் பிடித்தது. மூவார் வட்டாரத்தின் மரச்சாமான் தொழில் வளர்ந்ததில் இம்மரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வெளிநாட்டுச் சந்தையில் இதற்கு ‘மலேசிய ஓக்’ என்றுகூடப் பெயர். நாம்தான் அதைக் குப்பைத் தொட்டியோரம் வைக்கிறோம்!

தாத்தா பாட்டி சீவிய மரம் என்று கண்கலங்க வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மேசை எந்தத் தோட்டத்து மரமோ, யாருக்குத் தெரியும்? நான் சொல்ல வருவது கணக்கு. பழைய மேசை முழு மரம். அதைத் தேய்க்கலாம், பூசலாம், பத்தாண்டு கழித்து மீண்டும் தேய்க்கலாம். அதன் இடத்துக்குத் தவணையில் வருவது பல வேளைகளில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரம்போல அச்சடித்த தாள். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் ஊறிய ரொட்டியைப்போல் உப்பிவிடும். அதைத் தேய்த்துப் புதுப்பிக்க வழியே இல்லை. நல்ல பொருளைக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த பொருளைக் கடனுக்கு வாங்குகிறோம். பொருளாதாரத்தில் பின்தங்கிவிட்டோம் என்று மேடைதோறும் பேசும் நாம் இதை ஏன் பேசுவதில்லை?

“பட்டம் வாங்கப் போகிற பிள்ளை மரத்தைத் தேய்ப்பதா?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். தோட்டத்தில் மரம் சீவிய கை எவ்வளவு நுட்பமான கை என்பதை நாம் மறந்துவிட்டோம். பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். உள்ளே மரத்தில் கத்தி பட்டுவிடக் கூடாது. அந்த நிதானத்தில் பாதி இருந்தால் போதும், ஒரு மேசையைப் புதுப்பித்துவிடலாம். பருவ விடுமுறையில் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் மூன்று நான்கு நாள்களை இதற்குக் கொடுங்கள்.

பூச்சைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆடும் நாற்காலியில் ஆணி அடிப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். தயவுசெய்து வேண்டாம். மரம் பிளக்கும். மூட்டை மெல்லக் கழற்றி, காய்ந்த பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள். பழைய பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது. பிறகு மரப்பசை தடவிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வெள்ளை வளையத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சூடான பாத்திரத்தின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டதால் வருவது அது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுத்த கறை இருந்தால்தான் தண்ணீர் மரம்வரை போயிருக்கிறது என்று பொருள். மேசையின் மேற்பரப்பில் முதலில் 80 அல்லது 100 எண் உப்புத்தாள், அடுத்து 150, கடைசியில் 220. எப்போதும் மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது. சாயம் பூசியதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மேலே ஒட்டியிருப்பது மெல்லிய மரத் தகடு என்றால் கரடுமுரடான தாளைக் கையில் எடுக்கவே கூடாது. மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களுள் ஒன்றாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது.

நாற்காலிகள் வேறு கதை. முதுகுப்புறக் கம்பு ஒவ்வொன்றையும் மரம் தெரியும்வரை தேய்க்கத் தொடங்கினால் இரண்டாம் நாற்காலியிலேயே வெறுத்துவிடும். அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்புத் துணியால் துடைத்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, 220 எண் தாளால் பளபளப்பு போகும்வரை உரசி, அதன்மேல் பூசினாலே போதும்.

இனி நிறத்துக்கு வருவோம். கடைக்காரர்கள் பால்மரத்துக்குக் கருஞ்சிவப்பும் காப்பி நிறமும் ஏற்றித் தேக்குப்போல் காட்டினார்கள். நாமும் அதுதான் மதிப்பு என்று நம்பிவிட்டோம். தேய்த்த பிறகு வெளிப்படும் அந்த இளமஞ்சள் நிறத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் சாயமே வேண்டாம். நிறமற்ற பாலியூரிதேன் பூச்சை மெல்லியதாக மூன்று முறை பூசினால் போதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு, மெல்லிய தாளால் இலேசாக உரசிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் வழியும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். மாலை மழையில் லாக்கர் பூசினால் வெளுத்துப்போகும். மற்றப் பூச்சுகள் காய நேரமாகும். ஆகவே காலையிலேயே பூசிவிடுங்கள். ஆளி எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போட வேண்டும். பூச்சு கைக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் முழுமையாக இறுக ஒரு வாரத்துக்கு மேலாகும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால், அன்று காலை இட்டலிச் சட்டியைத் தைரியமாக மேசைக்குக் கொண்டுவரலாம். அடியில் ஒரு துணியை மட்டும் மடித்துப் போடச் சொல்லுங்கள் அம்மாவிடம்.