தொட மறுத்த கைகளும் சூட்டப்பட்ட பெயரும்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஆண்டுதோறும் பூர்வகுடி மக்களைப் போற்றும் சிறப்புச் சுற்று ஒன்றை நடத்துகிறது. பூர்வகுடி ஓவியர்கள் வடிவமைத்த சீருடைகளில் அணிகள் களமிறங்குகின்றன. 2016 முதல் அச்சுற்று சர் டக் நிக்கோல்ஸ் பெயரால் வழங்கப்படுகிறது. யார் இந்த நிக்கோல்ஸ்?

மர்ரே ஆற்றங்கரையிலுள்ள கும்மரகுஞ்சா குடியிருப்பில் 1906-இல் பிறந்தவர். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். ஐந்தடி இரண்டங்குல உயரம்தான், ஆயினும் ஓட்டத்தில் அவரை எட்டுவது அரிது. டோங்காலா என்ற சிற்றூர் அணியில் பெயர்பெற்று, 1927-இல் மெல்போர்னின் கார்ல்டன் அணிக்குச் சென்றார். அவர்மீது நாற்றம் வீசுகிறது என்றனர் சக வீரர்கள். உடலைப் பிடித்துவிட வேண்டிய உதவியாளர் அவரைத் தொட மறுத்தார். நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

நார்த்கோட் அணி அவரை ஏற்றது. 1929-இல் கோப்பையும் வென்றது. 1932-இல் ஃபிட்ஸ்ராய்க்கு மாறி 54 ஆட்டங்கள் ஆடினார். பின்னர் போதகராகவும் பூர்வகுடி உரிமைப் போராளியாகவும் வாழ்ந்து, 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார்.

லீக் இப்பெயரைச் சூட்டிய காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆடம் குட்ஸ் ஓய்வுபெற்றார். 372 ஆட்டங்கள், இருமுறை பிரௌன்லோ பதக்கம், இரண்டு கோப்பைகள் கண்ட பூர்வகுடி வீரர் அவர். 2013-இல் பார்வையாளர் வரிசையிலிருந்து வந்த 'குரங்கு' என்ற வசையை விரல்நீட்டிச் சுட்டினார். 2014-இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தெரிவாகி, இனவெறியை வெளிப்படையாகப் பேசினார். அதன்பின் பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் எதிரணிக் கூட்டம் ஊளையிட்டது.

வீரர்களிடையே இனவசையைத் தண்டிக்கும் விதி 1995 முதலே லீக்கில் உண்டு; மைக்கேல் லாங் என்ற பூர்வகுடி வீரரின் முறையீடு பெற்றுத்தந்தது அது. ஆனால் ஊளையில் சொல் இல்லை. ஆயிரம் வாய்களில் குற்றவாளி யார்? "ஆட்டம் பிடிக்கவில்லை, நிறத்தைச் சொல்லவில்லையே" என்றனர். வன்கொடுமை வழக்குகளில் "சாதியைச் சொல்லித் திட்டவில்லையே" என்று எதிர்த்தரப்பு எழுப்பும் அதே வாதம்! இறந்தவருக்குப் பெயர்ப்பலகை வைப்பது எளிது. களத்தில் நின்று எதிர்த்துப் பேசுபவரைக் காப்பதற்கோ செலவு உண்டு. அச்செலவை 2015-இல் லீக் ஏற்கவில்லை என்பதே நம் மதிப்பீடு.

2019 ஜூனில் லீக்கும் 18 அணிகளும் குட்ஸிடம் மன்னிப்புக் கோரின. 2021-இல் தம்மைப் புகழ்மன்றத்தில் சேர்க்க முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார்.