ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

பழைய அம்பாசடரைக் கொட்டகையில் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேரனோ மருமகனோ வந்து, "தாத்தா, இந்தக் கிழட்டு எஞ்சினைத் தூக்கிவிட்டு இசுஸு 1.8 வைத்துவிடலாம், வண்டி பறக்கும்" என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் இப்போது இது ஒரு மோகமாகிவிட்டது. காயலான் கடையில் ஒரு எஞ்சின், வாடகைக்கு ஒரு செயின் பிளாக், கைபேசியில் பார்த்த நாலு வீடியோ. இவ்வளவுதான் மூலதனம். மார்க் 2 வண்டியின் எஞ்சின் 1489 சி.சி., ஏறக்குறைய 50 குதிரைத்திறன். இசுஸு 1817 சி.சி., 75ஐ ஒட்டிய குதிரைத்திறன். ஒன்றரை மடங்கு. சரி, ஓடுவதற்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாயே, நிற்பதற்கு என்ன கொடுத்தாய் என்று பேரனைக் கேளுங்கள். பதில் வராது.

மார்க் 2வில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். நாங்கள் பள்ளியில் பௌதிகத்தைப் பிரெஞ்சில் படித்தோம். 'எனெர்ஜி சினெத்திக்' என்று கரும்பலகையில் எழுதிய சூத்திரம் இன்னும் மறக்கவில்லை: வேகத்தின் வர்க்கம். அறுபதில் போகிற வண்டி தொண்ணூறில் போனால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. அவ்வளவும் டிரம்முக்குள் சூடாக இறங்குகிறது. இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அழுத்தினால் டிரம் காய்ந்து, பெடல் இறங்கும், வண்டி நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் மாடு குறுக்கே வரும்போது சூத்திரம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

"கம்பெனியே இசுஸு போட்டானே" என்பார்கள். போட்டான், தொண்ணூறுகளில். ஆனால் எஞ்சினை மட்டுமா போட்டான்? ஸ்டியரிங் பக்கத்துக் கியர் போய், தரையில் ஐந்து கியர் பெட்டி வந்தது. உத்தரபாராவில் பொறியாளர்கள் அளந்து, ஓட்டிப் பார்த்துச் செய்த வேலை அது. நம் வீட்டுக் கொட்டகையில் மவுண்டிங்கை வெட்டி, வெல்டிங் வைத்து, புரொபெல்லர் ஷாஃப்டைச் சுருக்கி, 'உட்கார்ந்துவிட்டது' என்று கைதட்டுவது வேறு. அந்த வெல்டிங்கை யார் பரிசோதித்தார்கள்?

அடுத்தது காகிதம். குமாஸ்தா புத்தி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். யாருக்கு? வெல்டிங் வைத்தவனுக்கு அல்ல, வண்டியின் சொந்தக்காரருக்கு. அதாவது உங்களுக்கு. விபத்து நடந்து, எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இன்சூரன்ஸ்காரன் சும்மா இருப்பானா? அடிபட்டவர் குடும்பம் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

இன்னொரு நஷ்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2021இல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நிபந்தனை, வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. அந்தக் கதவைத்தான் பேரன் அடைக்கிறான்.

"வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்கள் தாத்தா" என்பது கடைசி அஸ்திரம். நம் ஊரில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் ஆள் உண்டு, கேட்டுப் பாருங்கள். அங்கே 30 வயது கடந்த வண்டிக்குச் சேகரிப்பு வாகனம் என்று தனிக் 'கார்த் கிரீஸ்' உண்டு. முக்கிய பாகங்களின் அசல் தன்மை மாறியிருந்தால் கிடைக்காது. 2020 முதல் பழைய வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற அனுமதித்தார்கள். அதிலும் புது மோட்டாரின் சக்தி பழைய எஞ்சினைத் தாண்டக்கூடாது. சுதந்திரத்தின் தாயகமே அப்படி!

வண்டி இழுக்கவில்லை என்பதுதான் குறை என்றால், எஞ்சின் சின்னது என்பதா காரணம்? நாற்பது வருஷமாக அதே எஞ்சின்தான் ஏழு பேரையும் மேலே கேரியரில் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு திருப்பதி போய் வந்தது. இப்போது ரிங் தேய்ந்திருக்கும், வால்வு உட்காராது, கார்புரேட்டரில் அழுக்கு. போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்து, வால்வு கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்த மேஸ்திரிகள் நம் ஊரில் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். பேரனுக்குக் கை துறுதுறுவென்றிருந்தால் அவர் பக்கத்தில் ஸ்பானர் பிடித்து நிற்கட்டும்.

ஒருவேளை நான் எழுதுவதற்குள் உங்கள் வீட்டில் எஞ்சின் இறங்கியே விட்டதா? பழையதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட மட்டும் விடாதீர்கள். சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சாக்கு சுற்றி, மழை படாத மூலையில் வையுங்கள். எண் பொறித்த தகட்டைப் பிடுங்க வேண்டாம்.