சர்வாதிகாரி என்னும் அவதாரம்



அக்கிரமம் அதிகப்பட்டால் கடவுள் அவதாரமெடுத்து வந்து, துஷ்டர்களைக் கொன்று நம்மைக் காப்பாற்றுவார் என்று புராணிகர்கள் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பைத்தியம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ரயிலும் மின்சாரமும் கண்ட ஐரோப்பியர்களையும் இது பிடித்தது. அவர்கள் தங்கள் அவதாரத்துக்குச் சர்வாதிகாரி என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்திற்குப் பிறகு அங்கே பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடின. தொழிலாளிகள் சங்கம் கூடி உரிமை கேட்டார்கள். முதலாளிகளுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் வயிற்றைக் கலக்கிற்று. இத்தாலியில் முசோலினியின் அடியாட்கள் தொழிற்சங்கக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டிய அரசனோ, 1922 அக்டோபரில் முசோலினியை அழைத்துப் பிரதம மந்திரியாக்கினான். 1929 இல் போப்பும் அவனோடு உடன்படிக்கை செய்து கொண்டார். அவதாரத்திற்கு அரச முத்திரையும் கிடைத்தது, மத முத்திரையும் கிடைத்தது!

ஜெர்மனியின் கதையைப் பாருங்கள். 1932 நவம்பர் தேர்தலில் 584 ஸ்தானங்களில் ஹிட்லர் கட்சிக்குக் கிடைத்தவை 196. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டு கட்சிக்கு 100, சேர்த்தால் 221. தொழிலாளிகளின் பெயரால் நின்ற இவ்விரு கட்சிகளும் ஒருவரையொருவர் முதல் எதிரியாய்க் கருதி ஏசிக் கொண்டிருந்தார்களே ஒழிய, ஒன்று சேர்ந்தார்களில்லை. 1933 ஜனவரி 30 ஆம் தேதி ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஹிட்லரை மந்திரி பீடத்தில் உட்கார வைத்தார். இவனை நாம் கைக்குள் வைத்துக் கொள்ளலாம் என்று அவரைச் சுற்றியிருந்த பிரபுக்கள் கணக்குப் போட்டார்கள். மே 2 ஆம் தேதிக்குள் தொழிற்சங்கங்களின் கதவெல்லாம் பூட்டப்பட்டது. 1935 இல் யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. யூதரும் ஜெர்மானியரும் மணந்து கொள்வது குற்றமென்று சட்டமாயிற்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு, கலந்து மணந்தால் குற்றம்! இந்தச் சட்டத்தை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? மனுவை நாம் படிக்கவில்லையா?

பிரான்சிலும் இதே காலிக்கூட்டம் 1934 பிப்ரவரி 6 ஆம் தேதி பார்லிமெண்டை நோக்கிப் பாய்ந்தது. ஆனால் அங்கே ஆறே நாளில், பிளவுபட்டுக் கிடந்த தொழிலாளிகள் ஒன்றாய் ஊர்வலம் போனார்கள். 1936 இல் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. வாரத்திற்கு 40 மணி வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் அங்கே வந்தன.

நிற்க, நம் புதுச்சேரி என்ன பெற்றது? அதே பாரிஸ் சர்க்காரின் கொடிதான் இங்கும் பறந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அதே வாசகந்தான் இங்கும் முழங்கிற்று. பஞ்சாலைத் தொழிலாளிகள் சங்கம் வைக்க உரிமையும் எட்டு மணி வேலையும் கேட்டார்கள். 1936 ஜூலை 30 ஆம் தேதி சர்க்கார் ஆயுதப்படை சுட்டது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். பாரிசில் பாசிசத்தை வென்றவர்கள், கருப்புத்தோல் கூலிக்காரன் உரிமை கேட்டபோது கொடுத்தது குண்டு! ஆனாலும் தொழிலாளிகள் கலையவில்லை. 1937 இல் சங்க உரிமைக்கும் எட்டு மணி வேலைக்கும் சட்டம் வந்தது. அதை எந்த அவதாரம் கொடுத்தது என்று கேட்கின்றோம். அந்த ஆலைகளின் சங்கு இன்று ஓய்ந்து விட்டது. அந்தப் படிப்பினை ஓயவில்லை.

இன்றும் டீக்கடையில், "கண்டிப்பான ஒருத்தன் வந்தால்தான் நாடு உருப்படும்" என்கிறார்கள். அந்தக் கண்டிப்பானவனின் சாட்டை முதலில் யார் முதுகில் விழும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. சங்கம் வைத்தவன் முதுகிலும், சிறுபான்மையான் முதுகிலும்தான் விழும். பிறகு கைதட்டியவன் முதுகிலும் விழும்.

இது நமக்கும் சேர்த்துத்தான். தலைவர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை நம்புகிறவன் பகுத்தறிவுக்காரன் ஆகமாட்டான். அவன் பழைய பக்தன்தான், சாமியை மாத்திரம் மாற்றிக் கொண்டவன். ஆகவே தோழர்களே, எவன் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள். கேட்கக் கூடாது என்று எவன் சொல்லுகிறானோ, அவனை அன்றைக்கே இறக்குங்கள். மறுநாள் இறக்க முடியாது.