கைகளை வியக்கிறோம், கைகளுக்குப் பதில் சொல்வதில்லை



காது கேளாத சிறுவர்கள் தம் விரல்களால் குர்ஆன் ஓதிக் காட்டும் காணொலிகள் நம் வாட்ஸ்அப் குழுமங்களில் ஓயாது சுற்றி வருகின்றன. இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தாவில் அத்தகைய பிள்ளைகளுக்கென்றே தாருல் அஷம் என்னும் விடுதி மதரஸா ஒன்று நடக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்களில் வடித்து ஓதுவதைக் கண்டு நாம் உருகுகிறோம். மக்கா ஹரமின் ஜும்ஆ குத்பாவைச் சைகையில் பெயர்ப்பவரின் காட்சியையும் பகிர்ந்துகொள்கிறோம். "மாஷா அல்லாஹ், என்ன அழகான மொழி!" என்று எழுதிவிட்டு அடுத்த காணொலிக்குப் போய்விடுகிறோம்.

இந்த வியப்பை நற்செயல் என்று நம்மில் பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதைக் கண்டிக்கவே இக்கட்டுரை.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்தில் ஏறினால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. இத்தடத்துப் பள்ளிவாசல் எதிலும் குத்பாவைச் சைகையில் பெயர்த்து நாம் கண்டதில்லை. ஜும்ஆவுக்கு வரும் காது கேளாத சகோதரர் இமாமின் உதட்டசைவைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் எழும்போது எழுகிறார், குனியும்போது குனிகிறார், ஸலாம் கொடுக்கும்போது கொடுக்கிறார். முப்பது ஆண்டுகள் தவறாமல் ஜும்ஆவுக்கு வந்தவர் ஒரு குத்பாவின் பொருளையேனும் அறியாமல் மௌத்தாகிவிடக்கூடும். அவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கைப்பேசியிலோ மக்காவின் சைகைக் குத்பா இருக்கிறது.

சைகையை நம் மார்க்கம் வியப்புப் பொருளாக வைக்கவில்லை, நாவின் தகுதியில் வைத்திருக்கிறது. ஸகரிய்யா (அலை) அவர்கள் அத்தாட்சி வேண்டியபோது, மூன்று நாள்கள் மக்களோடு சைகையாலன்றிப் பேசலாகாது என்பதே அத்தாட்சியாக அருளப்பட்டது (3:41). அந்நாள்களில் அவர் மிஹ்ராபிலிருந்து வெளிவந்து, காலையும் மாலையும் இறைவனைத் துதிக்குமாறு தம் சமூகத்தாருக்கு உணர்த்தினார் (19:11). ஒரு நபி மிஹ்ராபிலிருந்து வந்து சைகையால் செய்த உபதேசம் அது. மர்யம் (அலை) அவர்கள் மௌன நோன்பிருந்த வேளையில், தம்மைப் பழித்தவர்களுக்குத் தொட்டிலிலிருந்த குழந்தையைச் சுட்டிக்காட்டியே மறுமொழி தந்தார்கள் (19:29).

நம் ஃபுகஹாக்கள் இதைச் சட்டமாகவே வகுத்தனர். பேச இயலாதவரின், பொருள் விளங்கும் சைகை, திருமணத்திலும் மணவிலக்கிலும் கொடுக்கல் வாங்கலிலும் சொல்லுக்கு நிகராகக் கொள்ளப்படும். உஸ்மானிய அரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' சட்டநூலின் 70ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. அவ்வளவு ஏன், பாவத்திலும் கை நாவுக்கு நிகரே. ஒரு பெண்மணி குள்ளமானவர் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கையால் குறித்துக் காட்டியபோது, அதுவும் புறம் பேசுதலே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக முஸ்னத் அஹ்மதில் அறிவிப்பு உண்டு.

அந்த அறிவிப்பை இங்கு நினைவூட்டக் காரணம் இருக்கிறது. "காது கேளாதவர்கள் பாக்கியசாலிகள், தீயதைக் கேட்பதுமில்லை, புறம் பேசுவதுமில்லை" என்று மேடைகளில் உருகிப் பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். சைகை மொழி அறிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கை எவ்வளவு புறம் பேசும் என்று சொல்வார்கள்! கேலி, சண்டை, அரசியல், கடன் தகராறு, மாமியார் குறை, எல்லாம் அம்மொழியிலும் உண்டு. அவர்களைப் புனித மௌனிகளாக்குவதும் ஒருவகை ஒதுக்கல்தான். புனிதரிடம் யாரும் கடன் கேட்பதில்லை, ஆலோசனை கேட்பதில்லை, ஜமாஅத் நிர்வாகத்தில் இடம் தருவதுமில்லை.

வியப்பு எவ்வளவு பழையது என்பதற்கும் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் காது கேளாத பணியாளர்கள் பலர் இருந்தனர். சுல்தானின் முன்னிலையில் வாய்ப்பேச்சு கண்ணியக் குறைவு என்ற எண்ணம் வளர, அப்பணியாளர்களின் சைகை மொழி அரண்மனை முழுதும் பரவிற்று. இரண்டாம் உஸ்மான் போன்ற சுல்தான்களே அதைக் கற்றனர். ஆனால் அவர்களை அங்கு வைத்திருந்த நோக்கம் வேறு. இரகசியம் வெளியே போகாது என்பது ஒன்று. மரண தண்டனை பெற்றவர்களின் கழுத்தை நெரிக்கும் வேலைக்கும் அவர்களே ஏவப்பட்டனர் என்பது மற்றொன்று. அம்மொழியைப் போற்றிய அரண்மனை அதற்குரியவர்களைக் கருவியாகவே நடத்திற்று. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சுல்தான்கள் அம்மொழியில் பேசக் கற்றார்கள். நாம் அதையும் செய்யவில்லை.

நம் நாட்டில் ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்து மலைகளில் தட்காய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. குஜ்ஜர் முஸ்லிம்கள் வாழும் அவ்வூரில் பிறவிக் கேளாமை பல குடும்பங்களில் தலைமுறைகளாகத் தொடர்கிறது. 'இந்தியாவின் மௌன கிராமம்' என்று பெயர் சூட்டி, ஒளிப்பதிவுக் கருவிகளோடு செய்தியாளர்கள் ஏறிச் செல்கின்றனர். படம் பிடித்தவர்கள் இறங்கிவிடுகிறார்கள்.

நெகேவ் பாலைவனத்தின் அல்-ஸய்யித் என்னும் பதவீ அரபுக் குலத்தாரின் ஊருக்கும் இவ்வாறே மொழியியலாளர்கள் சென்றனர். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துவந்த அக்குலத்தில் 1930களில் கேளாமையுடன் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கவே, அங்கு ஒரு சைகை மொழி தானாக முளைத்து வளர்ந்தது. 2005இல் அதன் இலக்கணத்தைப் பற்றிய ஆய்வு வெளியானதும் உலகம் வியந்தது. நம்மைக் கவர்வது வேறொரு செய்தி. அவ்வூரில் காது கேட்பவர்களும் அம்மொழியில் பேசுகின்றனர். அண்ணன், அத்தை மகன், அண்டை வீட்டார் என்று எல்லோருக்கும் அது தெரியும். காது கேளாதவருக்கு அங்கே பெண் கொடுக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள். அவ்வூராருக்குச் சைகை வியப்புக்குரியதன்று, அது அன்றாடப் பேச்சு.

திரைப்படம் பற்றிய நம் நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் தமிழ்நாட்டில் இவ்வியப்புக்கு வடிவம் கொடுத்தது 2007இல் வெளிவந்த 'மொழி' என்பதால் அதைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. காது கேளாத பெண்ணாக அதில் நடித்த ஜோதிகா காது கேட்பவர். ஈராண்டுக்குப் பின் 'நாடோடிகள்' படத்தில் உண்மையிலேயே காது கேளாத அபிநயாவை நடிக்க வைத்தபோது, வாய் பேசும் பெண்ணாக்கி இரவல் குரல் கொடுத்தார்கள். சைகை அழகுதான், ஆனால் அது காது கேட்பவரின் கையில் இருந்தால்தான் நமக்கு உவப்பு!

வீட்டுக்குள் வருவோம். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அப்பெற்றோரிடம், "கையை அசைத்துப் பழக்காதீர்கள், பேச்சு வராமல் போய்விடும்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இது 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு பரப்பிய கருத்து. பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சை மட்டும் கற்பிக்க அது தீர்மானித்தது. அதன் வழிவந்த மாநாடே 2010இல் கனடாவின் வான்கூவரில் அத்தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்துவிட்டது. நம் ஊர்களில் அக்கருத்து இன்னும் உயிரோடிருக்கிறது. உள்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகவே அளிக்கிறது. தகுதியுள்ள பிள்ளைக்கு அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கருவி வரும்வரை, அது பயன் தரும்வரை, பயன் தராவிட்டால் ஆயுள் முழுதும், அந்தப் பிள்ளை எம்மொழியில் சிந்திக்கும்? அல்லாஹ் யார் என்று எம்மொழியில் கேட்கும்? ஐந்தாறு வயதுவரை ஒரு மொழியும் வாய்க்காத குழந்தைக்குப் பின்னர் எம்மொழியும் முழுமையாகக் கைவருவது கடினம். காணொலிக்குக் கண்ணீர் சிந்தும் அத்தாவும் அம்மாவும் தம் பிள்ளையோடு "சாப்பிடு, வா, போ, தூங்கு" என்ற நான்கு சைகைகளில் இருபது ஆண்டுகளை ஓட்டிவிடும் வீடுகள் உண்டு.

இதைவிடக் கடுமையானது நிக்காஹ் மேடையில் நடக்கிறது. கன்னிப் பெண்ணின் மௌனமே அவளது சம்மதம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். அது, கேட்கப்பட்ட பெண்ணின் மௌனம். மணமகன் யார், மஹர் எவ்வளவு, எந்த ஊர் என்று தன் மொழியில் யாரும் விளக்காத காது கேளாத பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது அந்த நபிமொழிக்குச் செய்யும் துரோகம். அவளுக்கு விளங்கும் சைகை இருக்கிறது, அது சட்டத்தில் செல்லும் என்றும் நம் ஃபிக்ஹு சொல்கிறது. எனில், அவளிடம் கேட்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வருவது வலியின் கடமையா இல்லையா? ஆலிம்கள் பதில் சொல்லட்டும். புதுப்புடவை உடுத்தி அமர்ந்து தலையசைத்தாள் என்பது பதிலாகாது. எதற்கென்று அறியாமலும் தலை அசையும்.

பயான் செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸும்முன் புக்முன் உம்யுன் என்ற வசனத்தை (2:18) எடுத்துக்கொண்டு, சத்தியத்தை மறுப்பவர்களை "செவிடர், ஊமையர்" என்று குரலுயர்த்தும்போது, அவ்வசனம் கண்டிப்பது உள்ளங்களைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குருடாவது கண்களல்ல, உள்ளங்களே என்ற கருத்தை அல்லாஹ்வே வேறோரிடத்தில் (22:46) தெளிவாக்கியிருக்கிறான். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு இறங்கிய 'அபஸ' அத்தியாயம் நமக்கு மனப்பாடமாயிற்றே.

ஆகாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. மலப்புறம் மாவட்டத்துப் புளிக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான வளாகம் ஒன்றிலுள்ள பள்ளிவாசலில் குத்பா சைகையில் பெயர்க்கப்படுகிறது. 2015இல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021க்குள் பத்தாயிரம் சொற்களுக்குக் காணொலி அகராதி வெளியிட்டுள்ளது. எவரும் இலவசமாகக் காணலாம். ஒவ்வொரு மஹல்லாவும் ஒருவரையேனும் அம்மொழி பயில அனுப்பட்டும். கற்றுத்தருபவர் காது கேளாதவராக இருக்கட்டும், அவருக்கு ஊதியமும் கொடுக்கட்டும். ஆங்கில எழுத்துகளையும் 'ஐ லவ் யூ' என்ற அமெரிக்கக் கைக்குறியையும் அரைமணி நேரத்தில் படித்துவிட்டு மேடையேறுவதைக் கற்றல் என்று நாம் ஏற்கவில்லை. இந்தியச் சைகை மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும், புருவமும் முகமும் இலக்கணமாகும். அரைமணி நேரத்தில் அது கைவராது.

"பெயர்ப்பவர் முன்னால் நின்றால் மற்றவர்களின் கவனம் சிதறுமே" என்று ஒரு மறுப்பு எழும். ஹரமில் இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் சிதறாத கவனம் நம் இருநூறு பேர் கூடும் பள்ளிவாசலில் ஏன் சிதற வேண்டும்? "எங்கள் ஜமாஅத்தில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்" என்பது இன்னொரு மறுப்பு. ஒருவர் இருக்கிறாரல்லவா? அவர் பெயர் என்ன, அப்பெயரை அவர் தம் கையால் எப்படிச் சொல்வார் என்று முதலில் கேட்டறிந்து வாருங்கள். வரும் ரமளானில் தராவீஹுக்குப் பின் நடக்கும் பயானுக்கு மிம்பருக்கு வலப்புறம் ஒரு விளக்கும் ஓர் ஆளும் போதும். செலவு எவ்வளவாகும் என்று நிர்வாகிகள் இப்போதே கணக்கிடலாம்.