பவளங்களின் குடிமாற்றம்

தாராவியில் இருப்பவர்களுக்கு ‘இடமாற்றம்’ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். புது வீடு எங்கே, யாருக்கு என்ற பேச்சு அங்கே 20 ஆண்டுகளுக்கு மேலாக ஓயவில்லை. அதே மும்பையில் 2020 நவம்பரில் இன்னொரு இடமாற்றம் நடந்தது. குடிபெயர்ந்தவை பவளங்கள்.

மும்பைக் கடலில் பவளமா? மாஹிம் கழிமுகத்தின் கலங்கல் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் வொர்லியிலும் ஹாஜி அலியிலும் கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் அவை தென்படும். ராமேஸ்வரத்துப் பக்கம் காணப்படும் மான்கொம்புப் பவளங்கள் அல்ல. சட்டைப் பொத்தான் அளவேயான சிறு கிண்ணங்கள்.

மரீன் டிரைவிலிருந்து வொர்லி வரை 10.58 கிலோமீட்டர் கடலோரச் சாலைக்காகக் கடலைத் தூர்த்தபோது இவை குறுக்கே வந்தன. 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க, வேலை மீண்டும் தொடங்கியது. பவளமோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்ட உயிர். வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. அனுமதி பெற்ற மாநகராட்சி, தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் துணையுடன் பவளங்களைப் பெயர்த்து, கொலாபாவின் நேவி நகர் உள்ளிட்ட இடங்களில் குடியமர்த்தியது. அவை பிடித்திருந்த இடம், எல்லாம் சேர்த்தாலும், அரை சதுர மீட்டரைத் தொடாது. பிறகு எண்ணிப் பார்த்ததில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருந்ததாக அறிவித்தார்கள்.

பவளத்தை மாற்றி வைப்பதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. உயிரைத் தொடாமல் அது ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும். வழி முழுவதும் கடல் நீரிலேயே, நிழலில் வைத்திருக்க வேண்டும். பழைய இடத்தில் இருந்த அதே ஆழம், அதே வெளிச்சம், அதே நீரோட்டம் புதிய இடத்திலும் வேண்டும். அலை அசைக்காதபடி ஒட்ட வேண்டும். பக்கத்தில் வேறு பவளம் இருந்தால் இடைவெளி விட வேண்டும். பவளங்கள் ஒன்றையொன்று கொட்டிக் கொல்லும்.

வெளிச்சம்தான் இதில் முக்கியம். பாறை கட்டும் பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கின்றன. வெளிச்சமோ வெப்பமோ திடீரென மாறினால் பாசி வெளியேறும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மும்பையின் பொத்தான் பவளங்கள் பெரும்பாலும் இந்தப் பாசியை நம்பி வாழ்பவை அல்ல. அலையில் வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று, சேற்று நீரிலும் காலம் தள்ளுபவை. இவை பிழைத்தன என்பதால் எல்லாப் பவளமும் பிழைக்கும் என்று கணக்குப் போட முடியாது.

தாராவித் தமிழர்கள் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையின் கடற்கரை இதற்குச் சாட்சி. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளை சிமெண்ட் சட்டங்களில் கட்டி வளர்த்துவருகிறது. அங்கும் 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. நட்டவர்களால் வெயிலைத் தடுக்க முடியாது.

வீட்டுத் தொட்டியில் கடலை வளர்க்க நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அட்டவணையில் உள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல் சாமந்தி எனப்படும் அனிமோனோ, பிடிக்காத இடத்தில் தங்காது. தன் ஒற்றைப் பாதத்தால் நகர்ந்து, சில சமயம் மோட்டாரில் சிக்கிச் சாகும். இழுத்துப் பிடுங்கினால் பாதம் கிழியும். கல்லோடு தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டத்தை மாற்றி, தானாக நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

வொர்லியில் அவ்வளவு பொறுமைக்கு நேரமில்லை. பவளத்தை எண்ணிக் குடியமர்த்திய கணக்கில் அதே பாறையில் வாழ்ந்த நண்டும் நத்தையும் சிப்பியும் சேரவில்லை. அவற்றுக்கு அட்டவணையில் இடமில்லை. 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. இடம்பெயர்ந்த பவளம் பிழைத்தது நல்ல செய்திதான். ஆனால் 90 சதவீத வெற்றி அடுத்த திட்டத்துக்கு முன்கூட்டியே தரும் அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. எப்படி மாற்றுவது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் பதில் சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்களல்ல, அரசு.