வாடிக்கையாளர் யாருடைய நோட்டில் இருக்கிறார்?

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஓய்வூதியர்கள். நடப்பது அரை மணி, பேசுவது ஒரு மணி. கொஞ்ச நாளாக அடிக்கடி வரும் விவாதம் இது: நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று இறங்கிவிட்டார்களே, இது நல்லதா? ஒரு கட்சி, "வியாபாரத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று திட்டும். இன்னொரு கட்சி, "காலத்தோடு போகாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்" என்று அடித்துச் சொல்லும்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். ஆனால் தன் வாடிக்கையாளர் யார், எவர் என்ற கணக்கு கடைக்காரரின் சொந்த நோட்டில் இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். எம்.டி.எச். ரோட்டில் ஒரு சின்ன ஷட்டர் பிடிக்க வேண்டுமென்றால் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்பார்கள். அப்புறம் போர்டு, ரேக், கடைக்கான கரண்ட் கட்டணம். அந்த அம்மாவிடம் இருப்பது ஒரு கிரைண்டரும் ஒரு போனும்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேட்டஸில் "மாவு ரெடி, இன்று அடை மாவும் உண்டு" என்று போடுகிறார். ஆறரை மணிக்குள் பாத்திரம் காலி. மிச்சம் விழுவதில்லை, புளித்துப் போவதில்லை. பிளவுஸ் தைக்கும் பெண் தைத்த மாதிரிகளைப் படம் எடுத்துப் போடுகிறார். பூ கட்டுபவர் முகூர்த்த நாளுக்கு முன்தினமே மாலைப் படங்களை அனுப்பி ஆர்டர் வாங்கிக்கொள்கிறார். சிறு வியாபாரிகளுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் என்ற தனிச் செயலி 2018 ஜனவரியில் வந்தது. பொருளின் படம், விலை எல்லாம் அதில் வரிசையாகப் போட்டு வைக்கலாம், காசு கிடையாது. முதல் இல்லாதவருக்கு இது பெரிய உதவி. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நம் வயதுக்காரர்கள் இதில் பழகியதே கொரோனாவில்தான். 2021 மே மாதக் கடைசி ஞாபகம் இருக்கிறதா? கடைகளைத் திறக்கக் கூடாது, ஆனால் மளிகைக் கடைக்காரர்கள் போனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தமிழக அரசு அனுமதி கொடுத்தது. அப்போது நாம் என்ன செய்தோம்? வழக்கம் போல் துண்டுச் சீட்டில் துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரை கிலோ என்று எழுதி, அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். சாமான் வந்தது. நம்பிப் பணமும் அனுப்பினோம். ஏன் நம்பினோம்? அவர் முகம் தெரியும், கடை தெரியும், இருபது வருஷப் பழக்கம். பழக்கம் முன்பே இருந்தது. போன் அதைச் சுமந்துகொண்டு வந்தது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த மாவு அம்மாவின் ஸ்டேட்டஸ் எனக்குத் தெரிய வேண்டுமென்றால், அவர் நம்பர் என் போனிலும் என் நம்பர் அவர் போனிலும் பதிவாகியிருக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி ஒன்று உண்டு, பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பார்கள். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆக, இது ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவது அல்ல. அறிந்தவர், தெரிந்தவர் கணக்கு. பழைய மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டு மாதிரி.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் சமாச்சாரம் வேறு. அங்கே யார் பார்க்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை, கம்பெனி தீர்மானிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு டிபன் கடையின் கதை இது. கேமராவோடு ஒரு தம்பி வந்து சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடி ரசித்து, ஒரு நிமிஷப் படம் போட்டார். அடுத்த இரண்டு சனி ஞாயிறும் எங்கெங்கிருந்தோ பைக்குகள். தினமும் இரண்டு இட்லி, ஒரு வடை என்று சாப்பிடும் பக்கத்துப் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இடம் இல்லை. கடைக்காரர் பெரிய பாத்திரம் வாங்கினார், இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டார். மூன்றாம் மாதம் பைக்குகள் வேறு ஏதோ கடைக்குப் போய்விட்டன. பட்டறைக்காரர்களும் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கடைக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் வேறு, வாடிக்கை வேறு. கூட்டம் வந்த வேகத்தில் போகும்.

இங்கே என் புதுச்சேரிப் பள்ளிப் படிப்பைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். என் பெரியப்பா ஒரு 'நொத்தேர்' ஆபீசில் எழுத்தராக இருந்தார். பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் அதிகாரிக்கு அங்கே அதுதான் பெயர். கடை கைமாறும் பத்திரங்களில் 'ஃபோன் து கொமேர்ஸ்' என்று ஒரு சொல் வரும் என்று அவர் சொல்வார். காதுக்கு ஏதோ 'போன்' மாதிரிக் கேட்கும், ஆனால் அதற்கும் டெலிபோனுக்கும் சம்பந்தமில்லை. ஒரு வியாபாரத்தின் முழுச் சொத்து என்று பொருள். இதை விற்பதற்கும் அடகு வைத்துக் கடன் வாங்குவதற்கும் பிரான்சில் 1909 மார்ச் 17-ஆம் தேதியே சட்டம் போட்டுவிட்டார்கள். அதில் என்னென்ன அடங்கும்? கடையின் பெயர், வாடகை உரிமை, தட்டுமுட்டுச் சாமான்கள், எல்லாவற்றுக்கும் மேலாக 'கிளியாந்தேல்', அதாவது வாடிக்கையாளர்கள். கட்டடம் இதில் சேராது! வாடிக்கையாளர் இல்லாவிட்டால் வியாபாரம் என்ற சொத்தே இல்லை என்பது அவர்கள் சட்டத்தின் பார்வை. நம் ஊர் அண்ணாச்சிகளுக்கு இதைப் பிரெஞ்சுக்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. கடையை விற்கும்போது "இத்தனை வீட்டு வாடிக்கை இருக்கிறது" என்று சொல்லித்தானே அவர்களும் விலை பேசுவார்கள்?

அப்படியானால் கேள்வி இதுதான்: இன்றைக்கு அந்தச் சொத்து எங்கே இருக்கிறது? பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று ஒரு கடைக்காரத் தம்பி பெருமையாகச் சொன்னார். "அதில் பத்துப் பேர் நம்பராவது உன்னிடம் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். "இல்லை சார், மெசேஜ் போட்டால் பேசலாம்" என்றார். அந்தப் பத்தாயிரம் பேருக்கும் அவர் போடும் படம் தெரியுமா என்றால் அதுவும் இல்லை. கூடுதல் பேருக்குத் தெரிய வேண்டுமென்றால் 'பூஸ்ட்' என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். சொந்த வாடிக்கையாளரைப் பார்க்க வாசலில் டிக்கெட் வாங்குவது போல இல்லையா இது?

வாடகை இடம் எந்த நாளும் காலி செய்யச் சொல்லப்படும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடைக்கு நியாயம் இருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் அதை நம்பி வியாபாரம் வளர்த்தவர்களுக்குச் சேர்த்த கூட்டம் கையைவிட்டுப் போயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல், சுமார் ஆறு மணி நேரம். மூன்றும் ஒரே முதலாளியின் கடைகள், அதனால் ஒன்று போனால் இன்னொன்று என்ற பேச்சே இல்லை. சின்னக் கடைகளுக்கு இலவசமாக வெப்சைட் அமைத்துக் கொடுத்த கூகுள், 2024 மார்ச்சில் அந்த வெப்சைட்டுகளையெல்லாம் நிறுத்திவிட்டது.

இது இந்தக் காலத்து வியாதி மட்டும் அல்ல. பாரீஸ் பக்கம் குடியேறிய என் உறவினர்கள் 'மினித்தேல்' என்ற பெட்டியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். டெலிபோனோடு இணைத்த சின்னத் திரையும் விசைப்பலகையும். 1982-இல் பிரான்ஸ் அரசுத் தொலைபேசித் துறை நாடெங்கும் கொண்டுவந்தது, பெட்டியை இலவசமாகவே கொடுத்தது. டெலிபோன் டைரக்டரி பார்க்கலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், துணிமணி ஆர்டர் செய்யலாம். விளம்பரப் பலகைகளில் எல்லாம் 3615 என்ற எண்ணும் பக்கத்தில் கம்பெனி பெயரும் இருக்குமாம். 2012 ஜூன் 30 அன்று அதை நிறுத்தினார்கள். முப்பது வருஷம் ஓடிய அரசாங்கச் சேவைக்கே அந்தக் கதி என்றால், தனியார் கம்பெனி நமக்கு என்ன பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது?

இன்னொரு ஆபத்து திருட்டு. பிளவுஸ் தைக்கும் ஒரு பெண்ணிடம் யாரோ போனில் நயமாகப் பேசி ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டான். அடுத்த நிமிஷம் அவருடைய வாட்ஸ்அப் அவன் கையில். "அவசரம், ஐயாயிரம் அனுப்புங்கள்" என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே செய்தி போயிற்று. நல்ல வேளையாக அவரிடம் அளவு நோட்டு இருந்தது. மார்பளவு, கையளவு, பக்கத்தில் பெயர், போன் நம்பர். மகளை உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பணம் அனுப்பாதீர்கள் அக்கா" என்று சொல்லிவிட்டார். நோட்டு இல்லாவிட்டால் பெயர் கெட்டிருக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டடுக்குப் பாதுகாப்பு என்று ஒரு ரகசிய எண் வைக்கும் வசதி இருக்கிறது. கடைக்காரர்கள் மட்டுமல்ல, நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் சார்பாகவும் இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்துத் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். வெயிலில் மெதுவாக நடந்து கடைக்குப் போனால் கடை பூட்டியிருக்கிறது. மறுநாள் கேட்டால், "நேற்று லீவு என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தேனே பாட்டி, பார்க்கலையா?" என்கிறார்களாம். கதவில் ஒரு சாக்பீஸ் எழுத்து, ஒரு அட்டை, முடியாதா? மாதக் கடைசியில் பென்ஷன் விழுந்ததும் முதல் தேதி சாமான் வாங்குகிற கூட்டம் நாம். கடன் சொல்லாத கூட்டம். எங்களை விட்டுவிட்டு வியாபாரம் செய்வது கடைக்காரருக்கே நஷ்டம்.

அதே போல "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்ற பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. காய்கறிக் கடைக்காரர் சிலேட்டில் கிலோ இவ்வளவு என்று எழுதித் தொங்கவிடுவார். பங்களாக்காரருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் ஒரே விலை. விலையை மறைத்தால் ஆளுக்கு ஒரு விலை என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். படம் போடுகிறவர்கள் விலையையும் சேர்த்துப் போடட்டும்.

கடைக்காரத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வருகிறவரிடம் கேட்டு, சம்மதித்தால் பெயர், நம்பர், தெரு, வழக்கமாக வாங்கும் பொருள் எழுதி வையுங்கள். கேட்காமல் யாரையும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்காதீர்கள். குரூப்பில் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும், பெண்களுக்கு அதனால் தொல்லை வரும். தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் போதும். வாசல் போர்டையும் போன் நம்பரையும் கைவிடாதீர்கள். ரீல்ஸ் பார்த்து ஒருவர் வந்தால், இரண்டாவது முறை அவர் உங்கள் நம்பரைத் தேடி வருகிற மாதிரி செய்யுங்கள்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். நல்ல கடைக்காரரின் நம்பரைப் பெயரோடு சேமித்து வையுங்கள், அப்போதுதான் அவர் அனுப்பும் செய்தி நமக்கு வரும். அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் அந்த நம்பரைச் சொல்லுங்கள். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கூகுள் மேப்பில் அந்தக் கடையைப் பற்றி உண்மையாக நாலு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். நமக்கு அது ஐந்து நிமிஷ வேலை. பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டு வருகிறோம் என்று பெரிய கம்பெனிகள் வாசலில் வந்து நிற்கும் காலம் இது. இந்தச் சின்னக் கடைக்காரரிடம் அவர்களை எதிர்க்கப் பணம் இல்லை. நம் பெயரும் நம் வீட்டுத் தேவையும் எழுதியிருக்கிற ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நம் பக்கம் கிழியாமல் இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.