மீன் விருப்பமா, மீனை விருப்பமா?



ஜப்பான் மொழி படிக்கிற நம் பிள்ளைகளைப் பற்றி ஊரவர்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் திறன் பெற்ற தொழிலாளர்களை அனுப்புவது பற்றி ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அந்த வீசாவுக்குத் தொழில் சோதனையோடு மொழிச் சோதனையும் பாஸ் பண்ண வேண்டும். ஜே.எல்.பி.டி. என்றால் என்4 தரம். ஏ.எல். முடித்த நம் பிள்ளைகள் பலர் இப்போது இதற்காகத்தான் படிக்கிறார்கள். உம்மாவின் நகை அடகில் இருக்கும்போது சோதனையில் தவறினால் அது சின்ன விஷயமில்லை.

எங்களிடம் முன்பு படித்த ஒரு மகன் தன் நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். எழுத்து, சொல் எல்லாம் பாடம். சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற வா, கா, ஓ, நி, டெ ஆகியவற்றில்தான் பிழை. நோட்டைப் பார்த்ததும் காரணம் விளங்கியது. விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்கள் பெயருக்கு முன்னால் வரும். ஜப்பான் மொழியில் பின்னால் வரும், வினை கடைசியில் நிற்கும். நம் தமிழும் அப்படித்தானே? நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிற வேற்றுமை உருபுதான் இது. 'கல்முனையில் இருந்து கொழும்புக்கு' என்பது 'கல்முனை கரா கொழும்பு எ'. 'ஐ' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'ஓ' வரும்.

'எனக்கு மீன் விருப்பம்' என்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை மீனைச் செயப்படுபொருள் என்று நினைத்து 'ஓ' போடும். அது பிழை. 'வதஷி வா சகனா கா ஸுகி டெஸு' என்று 'கா' வர வேண்டும். நாமும் 'மீனை விருப்பம்' என்று சொல்வதில்லையே! தமிழில் யோசித்திருந்தால் இந்தப் புள்ளி கிடைத்திருக்கும்.

கஷ்டமான 'வா'வுக்கும் நம் பேச்சில் வழி இருக்கிறது. 'மீன் எண்டா தின்பேன், இறைச்சி எண்டா மாட்டேன்' என்கிறோம். அந்த 'எண்டா' செய்கிற வேலைக்குக் கிட்டத்தான் 'வா' நிற்கிறது. 'ஆர் வந்த?' என்று கேட்டால் 'தம்பிதான் வந்த' என்போமே, அந்த இடத்தில் 'கா'.

எல்லாம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'வீட்டில் இருக்கிறேன்', 'வீட்டில் படிக்கிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. அவர்களுக்கு இருப்பதற்கு 'நி' (உச்சி நி இமாஸு), செயல் நடப்பதற்கு 'டெ' (உச்சி டெ பென்க்யோ ஷிமாஸு). அந்த மகன் தடுக்கி விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. இதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தபோது ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பான் மொழியும் உறவு என்று வாதிட்டார். நம் நாட்டின் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஏற்காவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. சோதனைக்கு உதவுவது இரண்டு மொழியின் அமைப்பும் ஒத்திருப்பதுதான். சிங்களமும் இதே அமைப்புத்தான். தாய்மொழியில் விளக்கம் கேட்கிற பிள்ளைக்கு அந்த வசதி கிடைக்கிறது, நம் பிள்ளை மட்டும் ஆங்கிலத்தைச் சுற்றி வருகிறது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். காசு கட்டுமுன் 'இலக்கணம் தமிழில் விளக்குவீர்களா?' என்று கேளுங்கள். என்4 பாஸ் பண்ணிய தம்பி தங்கச்சிமார் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். தமிழ் படிப்பிக்கிற நாங்களும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் சில கிழமைகளில் ஒரு தமிழ் நோட் தயாராகிவிடும், இன்ஷா அல்லாஹ். அதைக் காசு வாங்காமல் கொடுப்போம்.

'வேற்றுமை படித்து என்ன பயன் சேர்?' என்று வகுப்பில் கேட்ட பிள்ளைகளுக்கும் அதுவே பதிலாக இருக்கட்டும்.